மூன்றாவது முறை கூப்பிட்டபோது

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கணவனின் அண்ணன் எழுதுவது. நீயும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இதை எழுதி, படம்பிடித்து உன் போனுக்கு அனுப்புகிறேன். வாயால் சொல்லத் துணிவில்லை.

தம்பி வழுக்கி விழுந்து கையில் அடி என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். சலவை ஆலையில், விரிப்புகளைத் தேய்க்கும் சூடான உருளையில் அவன் வலது கை மாட்டிக்கொண்டது. நான்கு விரல்கள் போய்விட்டன. உட்கார்ந்து படி, தாயே. இன்னும் இருக்கிறது.

அவனை வேலைக்குச் சேர்த்த அன்றே ஒரு கட்டளை போட்டேன். ஆலைக்குள் நான் சூப்பர்வைசர். உறவெல்லாம் வாசலுக்கு வெளியே. எல்லாரையும் போல இந்த ஊர் பாஷையில் 'சார்' என்றே கூப்பிட வேண்டும். தம்பிக்குச் சுளுவான வேலை கொடுக்கிறான் என்று நாலு பேர் பேசுவார்களே என்ற பயம். பயம் மட்டுமில்லை. அந்தப் பாஷையில் பேசும்போது நான் கொஞ்சம் நிமிர்ந்த ஆள். நம் பேச்சு காதில் விழுந்தால் அந்த நிமிர்வு போய்விடும்.

ஒருநாள் டீ நேரத்தில் வாய்தவறி 'அண்ணே' என்றான். வேறு யாரையோ கூப்பிட்டதுபோல நடந்துவிட்டேன். அறைக்கு வந்ததும், "வாசல்லயே நாக்கைக் கழட்டி மாட்டிட்டு வரணும் போல" என்று சிரித்தான்.

திங்களன்று மேலிடத்திலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். ஈர விரிப்போடு சேர்ந்து தம்பியின் கையுறையும் உருளைக்குள் போய்விட்டது. நிறுத்தும் பொத்தான் அவனுக்கு எட்டவில்லை. என் பக்கத்துத் தூணில் ஒன்று இருந்தது.

"அண்ணே" என்றான். இரைச்சலில் கேட்கவில்லை என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். கேட்டது, தங்கச்சி. பெரிய ஆட்கள் முன்னால் மானத்தை வாங்குகிறானே என்று கோபம்தான் வந்தது. மறுபடியும் "அண்ணே" என்றான். நான் திரும்பவில்லை. மூன்றாவது முறை, இந்த ஊர் பாஷையில், "சார், மெஷினை நிறுத்துங்க" என்றான். உடனே திரும்பினேன்.

கை வெந்துகொண்டிருந்தபோது அவன் பாஷையை மாற்றியிருக்கிறான், அம்மா.

ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்துக் கட்டிலில் நம் பேச்சுக்காரர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் உன்னைப் பற்றியும் குழந்தையைப் பற்றியும் ஓயாமல் பேசுகிறான். நான் உள்ளே போனால் பாஷை மாறிவிடுகிறது. சாப்பிட்டாயா என்றால், சாப்பிட்டேன் சார் என்கிறான். கோபமாகக்கூடச் சொல்வதில்லை. நேற்று அவன் காலைப் பிடித்துக்கொண்டேன். "விடுங்க சார், ஆளுங்க பாக்கறாங்க" என்றான். அதுவும் இந்த ஊர் பாஷையில்தான்.

புண்ணின் விஷம் மேலே ஏறுகிறதாம். நாளைக்குள் மணிக்கட்டோடு எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்கிறார் டாக்டர். சம்மதம் கேட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறான். கையில்லாமல் உன் முன்னால் எப்படி நிற்பது என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் சொன்னானாம். என் சொல் அவனிடம் எடுபடாது. நீதான் சொல்ல வேண்டும். படித்து முடித்ததும் கூப்பிடு. நர்ஸ் போனை அவன் காதில் வைப்பார். நான் வெளியே நின்றுகொள்கிறேன்.

எனக்காக ஒரு வார்த்தை பேசாதே. மன்னிக்கச் சொல்லாதே. எப்படி வந்தாலும் வா என்று மட்டும் சொல். அவன் பிழைத்து எழுந்து, வாய்க்கு வந்தபடி என்னைத் திட்டட்டும். ஆயுசு முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீ தீர்க்கசுமங்கலியாக இருக்க வேண்டும், தாயே.

இப்படிக்கு,
அவன் அண்ணன்