பிக்கிளுக்குப் பச்சை மான்கறி போடாதே

ஆர்லன்,

நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். பூனை பிக்கிளின் மருந்து சிங்க் பக்கத்தில் இருக்கிறது. மதியம் ஊற்றியதும் கொஞ்சம் தண்ணீர் புகட்டு, இல்லாவிட்டால் தொண்டை புண்ணாகும்.

டாக்டர் சொன்னதை நீ காதில் வாங்கவில்லை. "ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இல்லாத பூனைம்மா. பச்சைக் கறில இருந்த ஒட்டுண்ணி மூளைக்கு ஏறியிருக்கு. மருந்துக்குக் கேக்கும், விட்டுடாதீங்க."

உன் தம்பி வெர்ன் இன்று வேட்டையாடிய மானோடு வருகிறான். கராஜில் வெட்டும்போது பிக்கிளுக்கு ஒரு துண்டுகூட விழக்கூடாது. அவனிடமும் சொல்லிவை.

நேற்று நீ என்ன சொன்னாய்? "தலை சாஞ்சு சுத்திச் சுத்தி வருது, ஊசி போட்டு முடிச்சிடலாம்." முடியாது. டயாலிசிஸில் நீ கிடந்தபோது உன்னைப் பற்றி யாராவது அப்படிப் பேசினார்களா?

லொரெய்ன்

பி.கு.: பிக்கிள் மலம் கழிக்கும் மணல் தட்டைத் தொடாதே, நான் வந்து அள்ளுகிறேன். அந்த ஒட்டுண்ணி அதிலிருந்து உனக்கும் தொற்றலாம். மாற்றுச் சிறுநீரகத்துக்காக நீ விழுங்கும் மாத்திரையால் உனக்கும் எதிர்ப்புச் சக்தி கிடையாது.

இன்னொன்று. உன் கறியும் இனி நடுவில் சிவப்பில்லாமல் வேக வேண்டும். முனகாமல் சாப்பிடு. உங்கள் இரண்டு பேரில் யாரையும் நான் விடுவதாக இல்லை.