இடது காலுக்குப் பதில் ஒரு கைப்பிடி

மரியாதைக்குரிய பெரியம்மா அவர்களுக்கு,

உங்கள் டிரைவரின் மகள் பாப்பா எழுதிக்கொள்வது. நீங்கள் கேட்காமல் நானாக எழுதுகிறேன், அதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் உங்கள் குரலைக் கேட்டதும் “நல்லா இருக்கோம் பெரியம்மா” என்பதற்கு மேல் எனக்கு வாய் வராது. போன முறையும் அதைத்தான் சொன்னேன். அது உண்மையில்லை.

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உங்கள் மகள் வீட்டில் மாடிப்படி அதிகம் என்று அப்பாவிடம் சொன்னீர்களாம். பிடித்துக்கொண்டு இறங்குங்கள். எனக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது. விபத்தில் அடிபட்ட வண்டிகளின் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை, அதனால் எனக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. கூட்டம் என்று உட்காரவைத்தால் மட்டும் இன்னமும் கை வேர்க்கிறது.

இனி, எழுத உட்கார்ந்த விஷயம்.

“கால்ல சின்னப் புண்ணுங்கம்மா, ஆறிடுச்சு” என்று அப்பா உங்களிடம் சொன்னார் அல்லவா? அது ஆறவில்லை. சர்க்கரை. மழைக்காலத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. “பெரியம்மா வயசானவங்க, அவங்க காதுக்குப் போகக் கூடாது” என்று என்னிடமும் அம்மாவிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்தச் சத்தியத்தை மீறித்தான் இந்த வரியை எழுதுகிறேன். நீங்கள் பதற வேண்டாம். உயிருக்கு ஆபத்தில்லை. செயற்கைக் கால் பொருத்திவிட்டார்கள், கம்பு இல்லாமலே கடைத்தெரு வரை போய்வருகிறார். அப்பா ஓட்டிக்கொண்டிருந்த பள்ளிக்கூட வேனை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். அதற்கு அப்பா வருத்தப்படவில்லை. “பிள்ளைங்க விஷயம், சரிதான்” என்றார்.

நீங்கள் கொடுத்துவிட்டுப் போன கார்தான் அவரை வாட்டுகிறது.

மருத்துவமனையிலிருந்து வந்து கொஞ்ச நாளில், எங்களுக்குச் சொல்லாமல் அதை எடுக்கப் பார்த்தார். பிரேக்கும் ஆக்சிலேட்டரும் வலது காலுக்கு. கிளட்ச் இடது காலுக்கு. பழைய கார் என்பதால் கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதைப் பாதம்தான் உணர வேண்டும், செயற்கைக் காலுக்கு அது எப்படித் தெரியும்? கார் ஒரு குதி குதித்துத் தண்ணீர்த் தொட்டியில் முட்டி நின்றது. அம்மா தையல் மெஷினை விட்டுவிட்டு ஓடினாள். அப்பா இறங்கி, தொட்டியைப் பிடித்தபடி குனிந்து, பம்பரைத் தடவிப் பார்த்துவிட்டு, “வண்டிக்கு ஒண்ணும் ஆகலை” என்றார். அன்றிலிருந்து காரைத் துடைப்பதோடு சரி. துடைத்து முடித்ததும் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்துகொள்கிறார், சாப்பிடக் கூப்பிட்டால்தான் இறங்குகிறார். “என்னை ஒரு நாள் இப்படித் துடைச்சுப் பார்த்திருப்பாரா உங்கப்பா” என்று அம்மா முதலில் கிண்டல் செய்துகொண்டிருந்தாள். இப்போது கிண்டலும் நின்றுவிட்டது. “ஓட்டட்டும், இல்ல வித்துத் தொலைக்கட்டும். மனுஷன் வாயைத் திறந்து பேசினா போதும் எனக்கு” என்கிறாள்.

ஹாரன் அண்ணனை உங்களுக்கு நினைவிருக்கும், ஐயா காலத்திலிருந்து இந்தக் காரைப் பார்க்கும் மெக்கானிக். குரலுக்காக வந்த பெயர். அவர்தான் வழி சொன்னார். கிளட்சைக் கையால் இழுக்கிற மாதிரி ஒரு கைப்பிடி வைக்கலாமாம். “இதெல்லாம் எத்தனையோ பேருக்குச் செஞ்சு கொடுத்திருக்கேன் பாப்பா, உங்கப்பா ஒரே வாரத்துல பழகிடுவார்” என்று தெருவே கேட்கும்படி சொன்னார். ஆனால் அதற்கு டிரைவர் பக்கம் தரைத் தகட்டில் கம்பி போக ஓர் ஓட்டை வெட்ட வேண்டும். கியர்த் தண்டில் துளை போட்டுக் கைப்பிடியைப் பூட்ட வேண்டும். பெடலிலும் வெல்டிங் வைக்க வேண்டும். கழற்றினாலும் பழையபடி ஆகாது.

அதைக் கேட்டதும் அப்பா எழுந்து போய்விட்டார். ஊரை விட்டுக் கிளம்பிய அன்று, கார்க் கதவில் கை வைத்துக்கொண்டு நீங்கள் சொன்னீர்களாம், “அவர் வச்சிருந்த மாதிரியே இருக்கட்டும்பா, அப்படியே பாத்துக்கோ” என்று. ஐயா போய் ஒரு வருடம்கூட ஆகாத சமயம். அழுகையை அடக்கிக்கொண்டு வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்பாவுக்கு அது வாக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போவதை அப்பா உங்களிடம் சொல்லியிருப்பார், எப்படிப் போவோம் தெரியுமா? மூன்று பேரும் முன் சீட்டில், இடித்துக்கொண்டு. பின் சீட்டில் எங்களை உட்காரவிட்டதே இல்லை. “அது அவங்க சீட்டு” என்பார். பதிவுப் புத்தகத்தில் அப்பா பெயர் ஏறி வருடக்கணக்காகிவிட்டது. “அது பேப்பர்” என்பார்.

நான் இன்னொரு காரியமும் செய்து கெடுத்தேன். அலுவலகத்தில் பழைய கார்களை மதிப்பிட வருகிற ஒருவரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். படித்தவர், வெளியாள், அவர் சொன்னால் அப்பா கேட்பார் என்று நினைத்தேன். அவர் டார்ச் அடித்து அடிப்பாகம் வரை பார்த்தார். “ஒரு ஸ்குரூகூட மாத்தலை. இந்த மாதிரி நான் பார்த்ததே இல்லை. யார் வந்து என்ன சொன்னாலும் கை வைக்க விடாதீங்க” என்று அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அப்பா முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அன்றுதான். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே, இனி இவர் காரை ஓட்டவே மாட்டார் என்று நினைத்தேன்.

அதனால்தான் பொய் சொன்னேன். கார்பரேட்டரைச் சுத்தம் செய்யணும், சும்மா நின்றால் அடைத்துக்கொள்ளும் என்று சொல்லி, ஹாரன் அண்ணனை வரவழைத்துக் காரைப் பட்டறைக்கு அனுப்பி, நானும் கூடப் போனேன். கைப்பிடியைப் பூட்டிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டால், வெட்டியதை ஒட்டவா முடியும், ஓட்டித்தானே ஆகவேண்டும் என்பது என் கணக்கு. பட்டறையில் டிரைவர் பக்கத்து ரப்பர் விரிப்பைத் தூக்கினார்கள். அதற்கு அடியில் இருந்த தகடுகூடப் பளபளவென்று இருந்தது. ஹாரன் அண்ணன் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிட்டு, டிரில்லைக் கையில் எடுத்துக்கொண்டு, “ஆரம்பிக்கவா” என்று கேட்டார். முதல்முறையாக மெல்லக் கேட்டார்.

அப்போது அப்பா போன் செய்தார். வண்டியை வெயிலில் நிறுத்தியிருக்கிறார்களா, நிழலிலா என்று கேட்டார். நிழலில்தான் என்றேன். “சரிம்மா, அவசரப்படுத்தாதே, அவர் நல்லாப் பாத்துச் செய்வார்” என்றார்.

ஆரம்பிக்கச் சொல்ல என்னால் முடியவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கார் இன்னும் பட்டறையில்தான் நிற்கிறது, வட்டமும் அப்படியே. ஒரு பார்ட் வரவேண்டியிருக்கிறது என்று வீட்டில் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்பா நம்புகிறார். நான் படித்தவள், தெரியாமல் சொல்வேனா என்று அம்மாவிடம் சொல்கிறாராம்.

இதை எழுத ஆரம்பித்தபோது உங்களிடம் அனுமதி கேட்பதாகத்தான் இருந்தேன். “செஞ்சுக்கோப்பா” என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்பா மறுபேச்சுப் பேச மாட்டார். ஆனால் எழுத எழுத அது வேண்டாம் என்று தோன்றிவிட்டது. உங்கள் போன் வந்தால் அப்பா எழுந்து நின்றுதான் பேசுவார், உங்களுக்குத் தெரிந்திருக்காது. கால் எடுத்த புதிதில்கூட, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றபடி “ஆறிடுச்சுங்கம்மா” என்றார். எனக்கு உங்கள்மேல் கோபம் வந்தது. நீங்கள் ஒன்றும் செய்யவில்லை, இருந்தாலும் வந்தது. அப்படி நிற்பவரிடம் உங்களை விட்டே ஓர் உத்தரவு போடவைத்து என் காரியத்தைச் சாதித்துக்கொள்வதா? நீங்கள் சொன்னதால் வெட்டிய ஓட்டையாக அது ஆகிவிடும். ஓட்டுவார். உங்களுக்காக ஓட்டுவார்.

வெட்டுவதா வேண்டாமா என்று அவராகவே முடிவு செய்யட்டும். வேண்டாம் என்றால் வட்டத்தைத் துடைத்துவிட்டுக் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவேன். பொய் சொன்னதையும் சொல்லிவிடுவேன். அதன் பிறகு அவர் என்னோடு பேசாவிட்டாலும் எனக்குத் தகும்.

கேட்கத் தயங்கித்தான் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். அடுத்த முறை போன் செய்யும்போது, கால் விஷயம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல், காரைப் பற்றி விசாரியுங்கள். எப்போதும் “நம்ம வண்டி” என்பீர்கள். அதைக் கேட்டு அப்பா சந்தோஷப்படுவார், எனக்குத் தெரியும். இந்த ஒருமுறை மட்டும் “உன் வண்டி எப்படிப்பா இருக்கு” என்று கேளுங்கள். “நல்லா இருக்குங்கம்மா” என்பார். உடனே போனை வைத்துவிடாதீர்கள், பெரியம்மா. அவர் மேற்கொண்டு பேசும்வரை கொஞ்சம் காத்திருங்கள்.

இப்படிக்கு,
பாப்பா