மேடு ஏறிய கை

ஜூன் 3, செவ்வாய்

மேட்டுத்தெருவில் இன்று நாலு வீடு. நாலு பேரும் வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்கள். நான் போய் ரத்தம் எடுத்த பிறகுதான் அவர்கள் வாயில் காபியே படும். ஐஸ் பெட்டியைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு ஏழு மணிக்குள் ஏறியாக வேண்டும். மூச்சு வாங்கியது. ஐம்பத்தொரு வயதில் வாங்காமல் என்ன செய்யும்?

முதல் வீட்டுக் கணக்கு டீச்சருக்கு மூன்றாவது குத்தில்தான் நரம்பு கிடைத்தது. "பரவாயில்லம்மா, என் நரம்பு ஒளிஞ்சுக்கும்" என்றார். நரம்பு ஒளியவில்லை. என் கைதான் ஆடியது.

ஜூன் 4, புதன்

மறுபடியும்.

ஜூன் 6, வெள்ளி

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இல்லை என்று ஆகிவிடுமா?

அப்பாவுக்கும் ஐம்பத்தொன்றில்தான் கை நடுக்கம் ஆரம்பித்தது. முதலில் கட்டைவிரல். ஐந்தே வருடத்தில் அவர் சட்டைக்கு அம்மா பொத்தான் போட்டுவிட வேண்டி வந்தது. கடைசியில் அவர் எழுத்து எறும்பு அளவுக்குச் சிறுத்துவிட்டது. இன்று இந்த நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டி, அளவுகோல் வைத்து என் எழுத்தை அளந்தேன். பைத்தியம்தான். எழுத்து சிறுக்கவில்லை, எப்போதும் போலக் கோழிக் கிறுக்கல். ஆனாலும் பயம் போகவில்லை.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. லேபில் யாருக்கும் தெரியாது. இருபத்திரண்டு வருஷமா இந்தக் கையை நம்பித்தானே இருக்கேன், இதுவும் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?

ஜூன் 9, திங்கள்

நாத்தனார் கணுக்கால் பிசகிப் படுத்திருக்கிறாள். பார்க்கப் போனேன். காலுக்குத்தான் ஓய்வு, வாய்க்கு இல்லை. தன்னுடைய பேட்டரி சைக்கிளை என் தலையில் கட்டினாள்.

"சும்மாவே நின்னா பேட்டரி போயிடும் அண்ணி. ரெண்டு வாரம் ஓட்டுங்க, எனக்கு உதவியா இருக்கும்."

போன வருடம் அவள் அதை வாங்கியபோது, "இது சைக்கிளா, சோம்பேறி வண்டி" என்று நான்தான் நாலு பேர் முன்னால் சொன்னேன். அவள் மறப்பாளா?

"சோம்பேறி வண்டிதான். ஆனா உங்களுக்கு ஓசி."

அவளுக்காக எடுத்து வந்தேன். என்ன கனம்! வாசற்படி ஏற்றுவதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று.

ஜூன் 10, செவ்வாய்

மேட்டில் மிதித்தால், யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவது மாதிரி ஏறுகிறது. தெரிந்தவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று தலையைக் குனிந்துகொண்டே போனேன்.

கணக்கு டீச்சர் கையை நீட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தார். எடுத்து முடித்துப் பஞ்சு வைத்த பிறகும் மூடியபடியே, "இன்னும் குத்தலையா?" என்றார். இருவரும் சிரித்தோம். நாலாவது வீட்டில் டியூபில் பெயர் எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. இன்று கை ஆடவே இல்லை.

ஜூன் 11, புதன்

இன்றும் ஆடவில்லை. சந்தோஷப்படக் கூடாது. அப்பாவுக்கும் நல்ல நாட்கள் இருந்தன.

ஜூன் 12, வியாழன்

வேண்டுமென்றே என் பழைய சைக்கிளில், வழக்கத்தைவிடச் சீக்கிரமாகக் கிளம்பினேன். மேட்டின் உச்சியில் இறங்கி, தண்ணீர் பாட்டிலின் மூடியில் தண்ணீர் ஊற்றிப் பிடித்தேன். பாதி சிந்தியது. விரல்கள் எல்லாம் விறைத்திருந்தன. ஏறும்போது ஹேண்டில்பாரை அப்படி இறுக்கிப் பிடித்திருக்கிறேன். ஒரு மதில்மேல் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் கழித்து மறுபடி ஊற்றிப் பிடித்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை.

லேபில் எனக்கு மேட்டுத்தெருவைக் கொடுத்தது எப்போது? மார்ச்சில். கை ஆட ஆரம்பித்தது? மார்ச்சில்.

அடி முட்டாளே. அப்படித்தானா? அவ்வளவுதானா? டாக்டர் சொல்லட்டும், அப்புறம் நம்புகிறேன்.

ஜூன் 14, சனி

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்து எத்தனையோ வருடமாயிற்று, இன்று வந்தது.

"மூணு மாசமா தனியா வச்சுக்கிட்டு மருகியிருக்க. நான் எதுக்கு இருக்கேன், ஒட்டடை அடிக்கவா?"

பிறகு அவரே போன் செய்து வியாழக்கிழமைக்கு டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கினார்.

ஜூன் 19, வியாழன்

நரம்பியல் டாக்டர். கையை மடியில் சும்மா வைக்கச் சொன்னார். விரல்களைத் தட்டச் சொன்னார், சுழி வரையச் சொன்னார், நடக்கச் சொன்னார். அப்பாவுக்கு எப்போது ஆடும் என்று கேட்டார்.

"சும்மா உட்கார்ந்திருக்கும்போது."

"உங்களுக்கு?"

"மேடு ஏறி இறங்கினதும்."

"அது கை களைச்சுப்போறது. அப்பாவோட வியாதிக்கான அடையாளம் உங்ககிட்ட எதுவும் இல்ல. மனசு கேக்கலைன்னா வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டிட்டுப் போங்க."

வெளியே வந்து, மருந்துக்கடை வரிசையில் நின்றிருந்தவர்கள் எல்லோரும் பார்க்க, ஓவென்று அழுதேன். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாருக்கு நன்றி சொல்வது? டாக்டருக்கா, இவருக்கா, கால் பிசகிய நாத்தனாருக்கா? எல்லோருக்கும்தான். அப்பாவை நினைத்தும் அழுதேன். அவருக்கு இப்படி ஒரு பதில் கிடைக்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

வண்டியைத் துடைத்து, சார்ஜ் ஏற்றித் திருப்பிக் கொடுக்கப் போனேன். நாத்தனார் சாவியை வாங்கவில்லை.

"காலுக்குப் பலம் வரணும்னா சாதா சைக்கிளை மிதிக்கணுமாம் அண்ணி. உங்களோடதைக் குடுங்க, மாத்திக்கலாம். இனிமே நீங்கதான் சோம்பேறி."

அவள் வாய்க்கு ஈடு கொடுக்க என்னால் ஆகாது. கட்டிப்பிடித்துக்கொண்டேன். பாவம், பயந்துவிட்டாள்.

என் பழைய சைக்கிளைப் பழிக்க மாட்டேன். சமதரையில் அதுதான் ராஜா. சார்ஜ் வேண்டாம், பஞ்சரானால் ஒரு கையால் தள்ளிக்கொண்டு வரலாம், மிதித்து வந்த நாளில் தூக்கமும் சுகமாக வரும். பேட்டரி வண்டி வழியில் படுத்தால் எருமையை இழுப்பது போலத்தான். ஆனால் மேட்டில் நான் கௌரவம் பார்த்ததற்கு, மூன்று குத்து வாங்கியது டீச்சர் அல்லவா?

ஜூலை 2, புதன்

லேபில் கூட்டம். பிறந்த குழந்தைகளுக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தவள் இந்த மாதத்தோடு வேலையை விட்டுப் போகிறாள். குழந்தையின் கை நம் கட்டைவிரல் அளவு, நரம்பு நூல் அளவு. ஊசி ஒரு மயிரிழை நகர்ந்தாலும் போயிற்று. "யாரு பாத்துக்கறீங்க?" என்று மேனேஜர் கேட்டார். எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள்.

நான் கையைத் தூக்கினேன். அவர் பேனாவைத் தேடி எடுத்து என் பெயரை எழுதி முடிக்கும்வரை இறக்கவில்லை.