கீறலா, விரிசலா

மார்ச் 4
மீன்தொட்டி வந்து இறங்கியது. மூன்றடி நீளம். மேல்வீட்டு டாக்டர் ஊர் மாறிப் போகும்போது விட்டுச் சென்ற இரண்டு தங்கமீன்களும் பதினெட்டு நாளாகத் துணி ஊறவைக்கும் டப்பில் கிடக்கின்றன.
உறையைப் பிரித்தேன். முன்கண்ணாடியின் கீழ்மூலையில் விரல் நீளத்துக்கு ஒரு கோடு.
கடைக்காரருக்கு போன் செய்தேன். "அது வெறும் கீறல் சார், விரிசல் இல்ல. பயப்படாம தண்ணி ஊத்துங்க."
சரிங்க என்றேன். ஏன் சொன்னேன்?

மார்ச் 5
அகராதி அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் மெய்ப்புத் திருத்தியவன் நான். கீறல் மேலோடு நிற்பது. விரிசல் உள்ளே போவது. அச்சில் மாறிவிட்டால் பிழைதிருத்தம் சேர்க்கலாம். இங்கே?
நகம் சிக்குகிறது. இல்லை, சிக்கவில்லை. நான்கு முறை தடவி நான்கு விதமாகக் குறித்து வைத்தேன்.
"தடவிக்கிட்டே இருங்க, அதுவே வாய் திறந்து சொல்லும்" என்றாள் மனைவி.

மார்ச் 6
கோட்டின்மேல் பேனா மை ஒரு சொட்டு விட்டுத் துடைத்தேன். மேலே இருந்தது போய்விட்டது. ஆனால் உள்ளே, கண்ணாடியின் தடிமனுக்குள்ளே, நீலம் நடந்து போகிறது! யாரும் தள்ளவில்லை. நூலிழையாய், தானாக. இத்தனை கெட்டியான பொருளுக்குள் இப்படி ஒரு வழியா? அரைமணி நேரம் குனிந்தே இருந்திருக்கிறேன், இடுப்பு பிடித்துக்கொண்டது.
விரிசல்தான்.

மார்ச் 7
கடைக்காரர் தொட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டாராம். "மையெல்லாம் ஊத்திட்டீங்களே சார்!" குற்றத்தை நிரூபித்தேன், வழக்கில் தோற்றேன்.
மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "கண்ணாடியிலயும் திருத்தம் போட்டாச்சா?"

மார்ச் 8
கண்ணாடி வெட்டுகிறவர் வந்தார். உள்பக்கம் ஒரு துண்டுக் கண்ணாடி வைத்துப் பசை போட்டு ஒட்டினார். நான் வெளிப்பக்கம் ஒட்டச் சொல்வதாக இருந்தேன்.
"உள்ளன்னா தண்ணி அழுத்த அழுத்த இன்னும் இறுகும் பெரியவரே. ஆனா கேரண்டி மட்டும் கேக்காதீங்க."
உடைக்க வரும் பாரமே பிடித்தும் வைக்குமா? இன்று முழுக்க இதே நினைப்பு.
மூன்று நாள் காயவேண்டும். பிறகு ஒரு வாரம் வெறும் தண்ணீர் வைத்துப் பார்ப்பதென்று முடிவு.

மார்ச் 12
நிரப்பினேன். அடியில் செய்தித்தாள் விரித்திருக்கிறேன். உலர்ந்தே இருக்கிறது.

மார்ச் 14
டப்பில் சின்ன மீன் ஒருக்களித்து மிதக்கிறது. செவுள் மட்டும் அடித்துக்கொள்கிறது. வாரம் முடிய இன்னும் ஐந்து நாள். இப்போதே விட்டு, தொட்டி பிளந்தால் இரண்டும் போகும். விடாவிட்டால் இது போகும். ஐயோ, எனக்குத் தெரியலையே—
மனைவியைக் கேட்டேன். "நான் சொல்லி ஏதாவது ஆச்சுன்னா, ஆயுசுக்கும் நான்தான் சொன்னேன்னு ஆயிடும். நீங்களே சொல்லுங்க."

பகல் 11.20. விட்டுவிட்டேன். இரண்டையும்.
பெரியது ஒரு கணம் நின்றது. பிறகு போனது, மூன்றடியும், மடங்காமல், ஒரே வீச்சில். அதற்கு அவ்வளவு பெரிய வால் இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது. முந்தானையை உதறினாற்போல் விரிந்தது. கரண்டியோடு எட்டிப் பார்த்தவள் அடுப்பை மறந்து நின்றாள்.
சின்னது அசையவில்லை.

மார்ச் 15
ஈரமில்லை. சின்னது அப்படியே.

மார்ச் 17
காலையில் இரை போட்டேன். சின்னது அடியிலிருந்து கோணல்மாணலாக எழும்பி வந்து, பெரியதை இடித்துத் தள்ளி, முதல் உருண்டையைப் பிடுங்கிக்கொண்டது.
"அடேயப்பா, அடாவடியைப் பாருங்க!" என்றாள்.
இன்னும் ஒரு சிட்டிகை போட்டேன்.