பக்கத்து இருக்கை

மார்ச் 4

உலர்தாவரக் காப்பகத்தில் இன்று முழுக்கப் பெரணிச் செடிகள். காய்ந்த இலையைத் தாளில் ஒட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறேனாம். எதிர் மேசைக்காரி சொன்னாள். எனக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்தால் மேசைமேல் இரண்டு காகிதங்கள். ஒரே மின்சாரக் கார், ஒரே வெளிறிய நீலம். ஒன்றில் மூன்று வருடக் குத்தகை. மற்றதில் சொந்தமாக. இன்ஜின் இல்லாததால் முன்பக்கத்தில் காற்றுக்கான கம்பிவலையும் இல்லை. மூக்கு வரைய மறந்த முகம்.

"எதுன்னு நீயே சொல்லு" என்றான் என் கணவன்.

குத்தகைக் காகிதத்தின்மேல் அவன் தேநீர்க் கோப்பையை வைத்திருந்தான். எடுத்தபோது வட்டமாகக் கறை.

மார்ச் 5

நேராக எழுதிப் பார்க்கிறேன்.

போன அக்டோபரில், ஏதோ ஒரு கட்டிடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில் வேலை செய்துகொண்டிருந்தபோது அவனுக்கு வலிப்பு வந்தது. கூட வேலை செய்கிற ஒரு அண்ணன் பிடித்துக்கொண்டார். அதிலிருந்து அவனை மேலே ஏற்றுவதில்லை. லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் பொத்தானை அழுத்தினால் பேசுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள். ஒரு வருடம் மறுபடி வராமல் இருந்தால் வண்டி ஓட்டலாம் என்றார் டாக்டர். அதாவது வரும் அக்டோபர். பழைய வண்டி நின்றே வீணாகிறது என்று ஜனவரியில் விற்றோம்.

அவன் அலுவலகம் இப்போது ஊருக்கு வெளியே, பேருந்து போகாத இடத்தில். அந்த அண்ணன்தான் தினமும் ஏற்றிப் போகிறார். ஏப்ரல் கடைசியில் அவருக்கு மாற்றல்.

என்னிடம் உரிமம் இருக்கிறது. கல்லூரியில் எடுத்தது. படத்தில் நெற்றி முடி வெட்டிய யாரோ ஒரு பெண். அதன்பின் ஓட்டியதே இல்லை. கார் என்றால் எனக்குத் தூக்கம். சக்கரம் உருண்டதும் கண் செருகிவிடும். அவன் வைத்த பெயர் தூங்குமூஞ்சி. அவன் தினமும் என்னை ஏற்றிப்போன காப்பகச் சாலையில் வேகத்தடையே கிடையாது என்று கல்யாணமான நாளிலிருந்து நம்பியிருந்தேன். பேருந்தில் போக ஆரம்பித்த பிறகுதான் தெரிகிறது. வழி நெடுக இருக்கின்றன.

மார்ச் 8, ஞாயிறு

அவனுக்கு இன்று பணி. சாப்பாடு கொண்டுபோனேன். அண்ணன் ஏற்றிப்போனார். பின்னிருக்கையில் தூங்கினேன்.

காதில் கருவியை மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தான். மறுமுனையில் ஏதோ ஒரு பெண்.

"நான் இங்கதாங்க இருக்கேன். எங்கயும் போகல. சொல்லுங்க, உள்ள கண்ணாடி இருக்கா? கண்ணாடில யாரு இருக்காங்க? ஓ. நல்லா இருக்காங்களா அவங்க?"

அந்தப் பெண் சிரித்தது எனக்கே கேட்டது. இந்தக் குரலை வீட்டில் நான் கேட்டதில்லை. தண்ணீருக்கு அடியிலிருந்து ஒருவர் கையை நீட்டுவது போன்ற குரல்.

பிறகு கேட்டேன். "கதவைத் திறக்க எப்ப வருவாங்கன்னு அவ்ளோ தடவை கேட்டாங்களே, ஏன் சொல்லல?"

"நேரம் மட்டும் சொல்லவே கூடாது. பத்து நிமிஷம்னு சொன்னா பதினோராவது நிமிஷம் கதவை உதைப்பாங்க."

மார்ச் 14, சனி

வண்டிக் கடை. தரை அவ்வளவு பளபளப்பு. வண்டிகள் தம் நிழல்மேல் மிதந்தன.

எங்களுக்கு வாய்த்த விற்பனையாளர் கட்டம் போட்ட சட்டை அணிந்திருந்தார். பேச்சும் கட்டம் கட்டமாக. குத்தகை என்றால் மாதாமாதம் கட்டிவிட்டு மூன்றாம் வருட முடிவில் திருப்பித் தந்துவிடலாம், பேட்டரி கிழடானால் அது அவர்கள் தலைவலி. ஆனால் வருடத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கணக்கு உண்டு, கீறலுக்குத் தனிக் கட்டணம். சொந்தமென்றால் எல்லாம் நம் தலையில், ஆனால் கேட்பாரில்லை.

"யாரு சார் மெயினா ஓட்டுவீங்க?"

சாதாரணக் கேள்வி. அவன் வண்டியின் கூரையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"நான்தான்" என்றான். பிறகு, "அக்டோபர்லேர்ந்து."

"அதுவரைக்கும் வண்டி விரதம் இருக்குமா சார்?"

"அதுவரைக்கும் இவ."

இவ. நான் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினேன்.

ஓட்டுநர் இருக்கைப் பக்கம் கதவில் இரண்டு பொத்தான்கள். இருக்கை எவ்வளவு தள்ளி, எவ்வளவு உயரம் என்று அது நினைவில் வைத்துக்கொள்ளுமாம். ஒன்று சாருக்கு, இரண்டு மேடத்துக்கு என்றார் கட்டம். அவன் உட்கார்ந்து பார்த்தான். வண்டி நகராமலே அவன் முகம் எங்கோ போய்க்கொண்டிருந்தது.

பிறகு கட்டம் எங்களை வைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். சத்தமே இல்லை. மரங்கள் பின்னோக்கி நீந்தின. "எவ்ளோ அமைதியா இருக்கு பாருங்க மேடம்" என்று அவர் திரும்பியபோது நான் தூங்கிவிட்டிருந்தேன்.

மார்ச் 15

அத்தை தொலைபேசியில்: "வண்டியையும் குத்தகைக்கா? நல்லவேளை, எம்புள்ளைய உனக்கு அப்படிக் குடுக்கல. கீறலுக்கு யார் காசு கட்டறது?"

அத்தை ஜோக் அடித்தால் உண்மையில் பயந்திருக்கிறார் என்று பொருள்.

மார்ச் 20

சண்டை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லாத துவைத்த துணியில் ஆரம்பித்தது.

நான் சொன்ன காரணங்கள்: பேட்டரி, வருடத்துக்கு ஒரு புது வகை வருகிறது, அவசரப்படுவானேன். எல்லாம் நல்ல காரணங்கள். ஒன்றும் என்னுடையதில்லை.

அவன், துணியை மடித்தபடியே: "முடியற தேதி போட்ட எதையும் இப்ப இந்த வீட்டுக்குள்ள கொண்டுவராதடீ. எனக்கு ஏற்கெனவே ஒரு தேதி இருக்கு. அதையே என்னால சுமக்க முடியல."

எதிரெதிரே நின்று ஒரு படுக்கை விரிப்பை மடித்தோம். நடுவில் விரல்கள் தொட்டன. இருவரும் கையை எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இங்கே மட்டும் எழுதுகிறேன். மூணு வருஷம்னா நான் தாங்கிப்பேன். அதுக்குள்ள அவன் ஓட்ட ஆரம்பிச்சிடுவான். நான் என் இடத்துக்குப் போயிடலாம். தூங்கலாம். எனக்கு வண்டி வேணாம், அந்தத் தூக்கம்தான் வேணும். இதை எப்படிச் சொல்ல?

மார்ச் 27

கனவு. குத்தகை முடிந்து வண்டியைத் திருப்பிக் கொடுக்கிறேன். ஒருவர் கைவிளக்கோடு சுற்றி வந்து கீறல் தேடுகிறார். ஒன்றுமில்லை. பிறகு பக்கத்து இருக்கையில் விளக்கை அடிக்கிறார். அங்கே ஒரு குழிவு. ஆள் வெகுநேரம் தூங்கிய குழிவு. "இதுக்குத் தனியா கட்டணும்" என்கிறார். அது என் குழிவா, அவனுடையதா என்று குனிந்து பார்க்கிறேன். விளக்கு அணைகிறது.

ஏப்ரல் 1

"சரி, குத்தகையே எடுப்போம்" என்றான் பல்துலக்கியபடி. நுரையோடு. நான் ஜெயித்திருக்கிறேன் போல. சனிக்கிழமை கையெழுத்து.

ஏப்ரல் 3

காலையில். குளியலறை வாசலில்.

முதலில் அந்தச் சத்தம். பிறகு அவன் இல்லை, அவன் உடம்பு மட்டும். ஒருபக்கமாகத் திருப்பினேன். தலைக்கடியில் துண்டு. வாயில் எதையும் வைக்கக் கூடாது, வைக்கவில்லை. பிடித்து அழுத்தக் கூடாது, அழுத்தவில்லை. எல்லாம் சரியாகத்தான் செய்தேன். ஆனா என் வாய் மட்டும் அவன் காதுகிட்டயே இருந்துது, என்னமோ சொல்லிட்டே இருந்தேன், என்ன சொன்னேன்னே தெரியல.

வெகுநேரம் கழித்துக் கண் திறந்தான். என்னை அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரம் எடுத்தது. என் முகம் அவனுக்குள் மெல்ல வந்து சேர்வதைப் பார்த்தேன்.

முதல் முழு வாக்கியம்: "அப்ப மறுபடி முதல்லேர்ந்து எண்ணணும், இல்ல?"

ஏப்ரல் 6

டாக்டர் மாத்திரை அளவைக் கூட்டினார். மறுபடி ஒரு வருடம். இதற்குப் பிறகும் வரலாம், வராமலே போகலாம். ஓட்டுவது எப்போது என்று அவன் கேட்கவே இல்லை. மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் மூளையைப் பார்த்துக்கொண்டிருந்தான், அதை எப்படிக் கழற்றி மாட்டுவது என்பதுபோல.

ஏப்ரல் 11

"வண்டியே வேணாம். வேலையை விட்டுடறேன்."

"விட்டுட்டு?"

"தூங்கறேன். நீ மட்டும்தான் தூங்கணுமா?"

சிரித்தான். சிரிப்பு கண்வரை ஏறவில்லை. அந்தத் தொலைபேசி வேலையை அவன் வேண்டாவெறுப்பாகச் செய்கிறான் என்று நினைத்திருந்தேன். இல்லை. நேற்றுகூட வீட்டுக்கு வந்ததும் யாரோ ஒரு பியானோ ஆசிரியர் லிஃப்ட்டுக்குள் பாடிக்காட்டிய கதையைச் சொன்னான். அதில் அவனுக்கு ஒரு பெருமை.

கட்டம் தொடர்ந்து அழைக்கிறார். அவன் எடுப்பதில்லை. நான் எடுத்தேன். மொட்டை மாடியில் நின்று, மெதுவாக: "நான் ஓட்டிப் பாக்கணும்."

ஏப்ரல் 18, சனி

செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன்.

நான் ஓட்டுநர் இருக்கையில். அவன் பக்கத்தில். கட்டம் பின்னால், இரண்டு பெல்ட் இருந்தால் இரண்டையும் போட்டிருப்பார். கிளட்ச் இல்லை, கியர் இல்லை. காலை எடுத்தால் வண்டி தானே தயங்குகிறது. "வேகம் குறையறப்ப கரண்ட்டைத் திருப்பி எடுத்துக்குது. புது லிஃப்ட்டும் இப்படித்தான்" என்றான் அவன். அவனே பேசியது அதிசயம். கடையிலிருந்து கிளம்பியதிலிருந்து ஜன்னலோடுதான் பேசிக்கொண்டிருந்தான்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. அதைக் கவனித்தபோதுதான் பயம் வந்தது. இந்த உலகத்தில் எனக்குப் பதிலாக விழித்திருக்க யாருமில்லை. மேம்பாலம் ஏறுகிறது. பாதியில் காலை எடுத்துவிட்டேன். நின்றுவிட்டது. பின்னால் ஹாரன்கள். முன்னால் வானம் மட்டும். கை ஸ்டீயரிங்கில் ஒட்டிக்கொண்டது, என் பெரணிகள் மாதிரி.

"மேடம், வேணும்னா நான் இறங்கி பஸ்ல..." என்று கட்டம் தொடங்கினார்.

அப்போது அந்தக் குரல்.

"நான் இங்கதாங்க இருக்கேன். எங்கயும் போகல."

நான் திரும்பவில்லை.

"கண்ணாடில யாரு இருக்காங்க?"

"ஒரு லூசு."

"நல்லா இருக்காங்களா?"

"அழறாங்க."

"அழட்டும். மூக்கு மட்டும் துடைச்சுக்கச் சொல்லுங்க."

துடைத்தேன். "எவ்ளோ நேரம் இப்படி இருக்கும்?" என்று கேட்டேன். எதைக் கேட்டேன் என்று அவனுக்குத் தெரியும்.

"அதை மட்டும் சொல்ல மாட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையோடு, அசிங்கமாக. வண்டி ஒரு விரல்கூடப் பின்னால் உருளவில்லை. அத்தனை நேரமும் சரிவில் தன்னைத்தானே பிடித்துக்கொண்டு, எனக்காகக் காத்துக்கொண்டு. காலை வைத்தேன். சத்தமில்லாமல் மேலே போனோம். மேலேயிருந்து நகரம் முழுவதும் வெயிலில், ஏரி போல.

கடையில் கட்டம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு குத்தகைக் காகிதத்தை நகர்த்தினார்.

"சொந்தமா" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான்.

"மூணு வருஷம்னு நானும் ஒரு தேதி வெச்சிருந்தேன்" என்றேன் அவனிடம், மெதுவாக. "அது வேணாம்."

கட்டத்துக்கு ஒன்றும் புரிந்திருக்காது. "சரி மேடம். யாரு மெயினா ஓட்டுவீங்கன்னு போடறது?"

"நான்."

மே 9

நீலம் வந்துவிட்டது. குடியிருப்பின் கீழ்த்தளத்தில், எங்கள் தூண் அருகே மின்இணைப்பு. மூக்கில்லாத முகம் சுவரைப் பார்த்துத் தூங்குகிறது, காதில் ஒரு கம்பியோடு.

முதல் பொத்தானில் என் இருக்கையைப் பதித்தான். எனக்கு எட்டுகிறதா என்று என் முழங்காலைத் தட்டிப் பார்த்துப் பார்த்து, லிஃப்ட் கதவைச் சரிசெய்கிறவன்போல. பிறகு, "கொஞ்சம் இறங்கு" என்றான். தான் உட்கார்ந்தான். இருக்கையைப் பின்னுக்குத் தள்ளினான். கண்ணாடியைத் திருப்பினான். சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம். பிறகு இரண்டாவது பொத்தானை அழுத்திப் பிடித்தான். அது ஒரு சின்னச் சத்தம் கொடுத்தது.

இறங்கி, சாவியை என் கையில் வைத்தான்.

மே 25

அவனை அலுவலகத்தில் விட்டுவிட்டுக் காப்பகம் போகிறேன். சுவரில் ஒரு தடவை உரசிவிட்டது. அத்தையிடம் சொன்னேன். "பரவால்ல, நம்ம வண்டிதானே" என்றார்.

ஜூன் 21, ஞாயிறு

அத்தை வீட்டிலிருந்து திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. நீண்ட சாலை, இருபுறமும் புல். வண்டி போகிறதா, சாலைதான் எங்களுக்கு அடியில் நழுவுகிறதா, தெரியவில்லை. அவன் அலுவலகக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தான். பாதியில் நின்றது.

பார்த்தேன். தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்து. ஓரம் கட்டலாமா? கை தானாக இண்டிகேட்டர் குச்சிக்குப் போனது. கூர்ந்து கேட்டேன். இந்த வண்டியில் எல்லாம் கேட்கும்.

குறட்டை. மெல்லிய, வெட்கமே இல்லாத குறட்டை.

கையை எடுத்தேன். தூரத்தில் சாலைக்குக் குறுக்கே மஞ்சளும் கறுப்புமாக ஒரு கோடு தெரிந்தது. காலை முன்கூட்டியே தளர்த்தினேன். முன்சக்கரம் மெதுவாக ஏறி இறங்கியது. பிறகு பின்சக்கரம்.

அவன் விழிக்கவில்லை.