களியில் கவிழ்ந்த அடுப்பு

கசுவிரா, ரும்பி மாவட்டம்
ஜூன் 8

என் அருமை தவோங்காவுக்கு,

நியாகொண்ட்வே எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிய நீயும் அங்கே சுகமாக இருந்து தொலை.

நீ செய்த அடுப்பு ஊர் முன்னால் கவிழ்ந்தது, களி உன் பேராசிரியரின் ஷூவில் கொட்டியது, ஊரில் யாரும் இதில் சமைக்காவிட்டால் பயிற்சியில் தேர்ச்சி இல்லை, ஒரு வருடம் திரும்பப் படி என்று அவர் சொன்னது, எல்லாம் நடந்ததுதான். அதற்காக ஓடுவார்களா? பாதி விறகில் எரிகிற அடுப்பு அது. ஆனால் நீ டீத்தண்ணீர் மட்டுமே கொதிக்க வைத்துப் பார்த்திருக்கிறாய். மக்காச்சோளக் களியை நாங்கள் கிண்டுகிற கிண்டில் அந்த மூன்று ஒல்லிக் கால்கள் நிற்குமா?

தப்பில் பாதி என்னுடையது. விருந்தாளி, படிக்கிற பிள்ளை என்று என் வீட்டில் இருந்த இரண்டு மாதமும் உன்னைக் களி கிண்டும் துடுப்பைத் தொட விடவில்லை. தட்டை மட்டும்தான் தொட்டாய். அதை நன்றாகவே தொட்டாய்.

நீ ஓடிய மறுநாள் பக்கத்து வீட்டு நியாம்சிஸ்கா வந்தாள். "நிக்காத காலு எதுக்குடி? கழுத்து வரைக்கும் புதைச்சிடு" என்றாள். விறகு வைக்கிற வாய்க்கு மட்டும் பள்ளம் விட்டு, மண்ணைப் பிசைந்து அப்பினோம். அசையவில்லை. நீ செய்து விட்டுப்போன ஏழு அடுப்பும் இப்போது ஏழு வீட்டில் புதைந்து எரிகின்றன.

வியாழக்கிழமை பேராசிரியர் திடீரென்று வந்து நின்றார். "எங்கம்மா அந்த அடுப்பு? வித்துட்டீங்களா?" என்றார். "உங்க காலடியிலதான். காலை எடுங்கய்யா, மறுபடியும் ஷூ களியாயிடும்" என்றேன். பொடிமீனோடு இரண்டு தட்டு சாப்பிட்டார். அப்புறம், "புதைச்சது நீங்க. அவளே வந்து இதுல களி கிண்டிக் காட்டட்டும், தேர்ச்சி போடுறேன்" என்றார்.

என் வாய் சும்மா இருக்குமா? "அவளா? எங்களைவிட நல்லா கிண்டுவாளே!" என்றுவிட்டேன். நியாம்சிஸ்காவுக்குப் புரையேறிவிட்டது.

பேராசிரியர் இருபதாம் தேதி வருகிறார். நீ பதினைந்தாம் தேதியே வந்துவிடு. தினம் இரண்டு வேளை கிண்ட வேண்டும். கை கொப்பளிக்கும். அழுகை வந்தால் அழு, கிண்டிக்கொண்டே அழு. உன் படிப்பு வீணானால் எனக்குத் தாங்காது, மகளே.

கடவுள் உன் தோளுக்குப் பலம் கொடுக்கட்டும். உன் பாயை நான் இன்னும் சுருட்டவில்லை.

பஸ் வரும் வழியைப் பார்த்திருக்கும்,
நியாகொண்ட்வே