மூன்றாம் முறை தேறிய சீட்

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரின் பின்சீட்டில் நம் வாண்டு. பெல்ட் அவள் கழுத்தை அறுக்கிறது, கீழ்ப்பட்டை வயிற்றில் கிடக்கிறது. அது பெரியவர்களுக்கு அளவெடுத்த பெல்ட். கார் மோதினால் குடலை நசுக்கிவிடும். சோதனைக்கூடத்தில் தினமும் பொம்மைகளை மோதவிட்டுப் பார்க்கிறவள் சொல்கிறேன். ஆறு வயதுக்காரியை உயர்த்தி உட்காரவைக்க ஒரு பூஸ்டர் சீட் வாங்கக்கூடவா உனக்கு நேரமில்லை?

கோபத்துடன்,
தங்கை

மார்ச் 11

என் அருமைச் சிடுமூஞ்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்து உன் அண்ணி சிரித்த சிரிப்பு இன்னும் ஓயவில்லை. வாங்கிவிட்டேன், தாயே! பச்சை நிறம், முயல் படம் போட்டது. பெட்டிக்குள் உன் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் இருந்ததால் இதையே எடுத்தேன். நான் சொல்லி எதிர்வீட்டு டீச்சரும் தன் இரட்டையருக்கு இரண்டு வாங்கினார். வாண்டு "அத்தை சீட்"டை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள்.

அன்புடன்,
அண்ணா

மார்ச் 17

அண்ணா,

அந்தச் சீட்டை உடனே தூக்கி எறி. இரண்டு முறை மோதவிட்டோம். இரண்டு முறையும் பொம்மை முன்னால் வழுக்கி, பெல்ட் இடுப்பெலும்பை விட்டு வயிற்றுக்கு ஏறியது. தேறவில்லை என்று எழுதினேன். மேலாளர், "இன்னொரு தடவை பாருங்கம்மா" என்றார். மூன்றாம் முறை, எந்தத் தாயும் இழுக்காத அளவுக்குப் பெல்ட்டை இழுத்துக் கட்டினோம். தேறியது. கையெழுத்துப் போட்டேன். நல்ல சீட் ஒன்று அனுப்புகிறேன். வெளியே சொல்லிவிடாதே.

தங்கை

மார்ச் 24

தங்கைக்கு,

சீட்டை உடைத்துக் குப்பையில் போட்டேன். எதிர்வீட்டு டீச்சரிடமும் போய்ச் சொன்னேன். "உங்க தங்கச்சி கையெழுத்துன்னு நீங்கதானே வாங்கச் சொன்னீங்க?" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு போட்டோவுக்கு என்னை அந்தத் திட்டுத் திட்டினாயே! என் பிள்ளைக்கு மட்டும்தான் வயிறு இருக்கிறதா? ஊரில் மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் யார் கடிதம் போடுவது? நீ அனுப்பிய பெட்டி வந்தது. இன்னும் பிரிக்கவில்லை. எழுத வேண்டிய இடத்துக்கு எழுதிவிட்டு எனக்கு எழுது.

அண்ணா

ஏப்ரல் 2

அண்ணா,

அரசின் வாகனப் பாதுகாப்புக் கண்காணிப்புத் துறைக்கு எழுதிவிட்டேன். மூன்று சோதனைகளின் அளவுகளையும் கொடுத்திருக்கிறேன். இன்று காலை என் மேசையைக் காலி செய்யச் சொன்னார்கள்.

பெட்டியைப் பிரி, வாண்டுவைக் கட்டும்போது கீழ்ப்பட்டை தொடையோடு படிந்திருக்கிறதா என்று நீயே கைவைத்துப் பார். துறைக்கு எழுதிய கடிதத்தின் நகல் இத்துடன் இருக்கிறது. எதிர்வீட்டு டீச்சரிடம் கொடு. அதிலும் என் கையெழுத்துதான்.

தங்கை